படத்தில் இல்லாத பாலம்

“டீச்சர், படமும் புரோகிராமும் அப்படியே ஒத்துப்போகுது. ஒரு இடத்துலகூடப் பிசகு இல்லை. அப்புறம் எப்படி அந்த மனுஷன் செத்துப்போனார்?”

தில்லைநாயகம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டார்.

மெஹருன்னிசா டீச்சர் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“உள்ள வாங்க சார். உக்காருங்க.”

“உக்கார்றதுக்கு வரலை.”

“சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் பாடம் நடத்துவது ஒரு டயர் கடையின் மாடியில். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு, எழுதுவதற்கு முன்னால் அதைப் படமாக வரைவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். குரு என்று யாராவது அழைத்தால் முகத்தைச் சுளிப்பார். என்ன செய்வது, இந்த மாதிரிக் கதைக்கு ஒரு குரு தேவைப்படுகிறார். அவருக்குத் தெரியாமல் நாம் மட்டும் அப்படி வைத்துக்கொள்வோம். சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு இன்னும் நரைக்கத் தொடங்கவில்லை. அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தில்லைநாயகம் ஒரு ஆம்புலன்ஸ் சேவையில் தலைமை நிரலாளர். ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற ஊர்களுக்கு அந்தச் சேவைதான் கதி. யாராவது போன் செய்தால் எந்த வண்டி போக வேண்டும் என்று அவர் எழுதிய நிரல்தான் முடிவு செய்யும். அந்த நிரலுக்கு ஒரு படம் உண்டு. படத்தை வரைந்தவர் அவர் மனைவி பூரணி.

பூரணி இப்போது இல்லை. முந்தின வருஷம் தை மாதம் இறந்துபோனார்.

டீச்சருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவரும் பூரணிதான்.

“அந்தப் படத்தை இங்க வரைஞ்சு காட்டுங்க” என்றார் டீச்சர்.

தில்லைநாயகம் எழுந்து பலகையில் ஒரு கட்டம் போட்டார். உள்ளே ‘வட்டாரம்’ என்று எழுதினார். பக்கத்தில் இன்னொரு கட்டம். அதற்குள் ‘வண்டி’. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார். கோடு வட்டாரத்தைத் தொடுகிற இடத்தில், சீட்டுக்கட்டில் வருமே, அந்த மாதிரிச் சின்னதாக ஒரு டைமண்ட் போட்டார். அதை அழுத்தி அழுத்திக் கறுப்பாக நிரப்பினார்.

“இதுக்கு என்ன சார் அர்த்தம்?”

“என்ன டீச்சர், எனக்கேவா?”

“வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்.”

“கறுப்பு டைமண்ட். வண்டி அந்த வட்டாரத்தோட ஒரு பகுதி. ஒரு வண்டிக்கு ஒரே வட்டாரம்தான். இன்னொரு வட்டாரத்துக்குப் போகாது. வட்டாரத்தை எடுத்துட்டா வண்டியும் இல்லை.”

“உள்ள நிரப்பாம வெறுமனே விட்டா?”

“அது வெள்ளை டைமண்ட். ரெண்டும் சேர்ந்து இருக்கும். ஆனா அது போனாலும் இது இருக்கும். வேற இடத்துக்கும் போகலாம்.”

“பூரணி மேடம் போட்டது?”

“கறுப்பு.”

“புரோகிராம்ல?”

“அதுலயும் கறுப்புதான். மாத்தினா அக்கா விடமாட்டா.”

அக்கா என்பது ஆள் இல்லை. பூரணி இறந்த பிறகு தில்லைநாயகம் வீட்டிலேயே அடைந்து கிடந்து எழுதிய ஒரு கருவி. பூரணியின் படத்தில் இருக்கிற ஒவ்வொரு கட்டத்தையும், ஒவ்வொரு கோட்டையும், நிரலில் அதற்குரிய இடத்தோடு அது லிங்க் செய்து வைத்திருந்தது. ஒத்துப்போனால் பச்சை காட்டும். படம் ஒன்று சொல்ல, நிரல் இன்னொன்று செய்தால் சிவப்பு காட்டும். சிவப்பு காட்டினால் எழுதியது உள்ளே போகாது.

ஆபீஸில் எல்லோரும் பூரணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கருவிக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. “அக்கா ஓகே சொல்லிட்டாங்க.” “அக்கா இன்னைக்கு கோவமா இருக்காங்க.” இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். தில்லைநாயகம் இதைத் தடுக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை.

“இப்ப செத்தவரைப் பத்திச் சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“பேரு சூசை. ஆட்டோ ஓட்டுறவர். தென்கரையில வீடு. சாயங்காலம் நெஞ்சுவலி. அவர் சம்சாரம் போன் பண்ணியிருக்காங்க.”

“ம்.”

“தென்கரை வண்டி தூரத்துல ஏதோ ஊர்ல இருந்துச்சு. புரோகிராம் அதைத்தான் அனுப்பிச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள…”

“பக்கத்துல வேற வண்டி இல்லையா?”

தில்லைநாயகம் மார்க்கரை மூடி வைத்தார்.

“இருந்துச்சு. சும்மாத்தான் நின்னுச்சு. ஆனா அது வடகரை வண்டி.”

டீச்சர் பலகையைப் பார்த்தார்.

“ஆறு எங்க சார்?”

“எந்த ஆறு?”

“வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவுல ஓடுதே, அது.”

“ஆறு படத்துல இல்லை டீச்சர். அதனாலதானே ரெண்டு வட்டாரம். அது உள்ளர்த்தம்.”

“போய் ஆத்தைப் பாத்துட்டு வாங்க.”

“எனக்குத் தெரியாத ஆறா?”

“தெரியும்னா சீக்கிரம் பாத்துட்டு வந்துடலாம்.”

இந்தப் பதிலுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. படியிறங்கும்போதுதான் செருப்போடு உள்ளே போயிருந்தது நினைவுக்கு வந்தது.

*

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் போய் வடகரையில் இறங்கினார்.

எதிரே பாலம் நின்றது.

அது திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கைப்பிடிச் சுவரில் பூசிய பெயிண்ட் இன்னும் மங்கவில்லை. நடைபாதையில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். கீழே பழைய ஓடத்துறையில் இரண்டு ஓடங்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது.

பாலம் வந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. திறந்த அன்றைக்கே ஆபீஸில் வேலை செய்யும் ஹேமலதா வந்து சொன்னாள்.

“சார், இனிமே வண்டி ரெண்டு பக்கமும் போகலாம். அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிட்டேன். ஆனா அக்கா சிவப்பு காட்டுறாங்க.”

“படத்துல இல்லாதது புரோகிராம்ல எதுக்கும்மா? விட்டுடு.”

“பாலம் இருக்கே சார்.”

“விட்டுடுன்னு சொன்னேன்ல?”

அவள் விட்டுவிட்டாள்.

தில்லைநாயகம் பாலத்தில் நடந்தார். நடந்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தென்கரை முனையில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய ஆட்டோ. ஒரு அம்மாள் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“யாரு?”

“ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேர்ந்து வரேம்மா.”

“கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்தாச்சே.”

“அதுக்கு வரலை.”

“பின்ன?”

பின்ன எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சூசையின் மனைவி அந்தோணியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“அந்தா, அந்த முதல் லைட்டுக் கம்பம் தெரியுதா, அதுகிட்டதான் வண்டி நின்னுச்சு” என்று அக்கரையைக் காட்டினார். “மேல நீல லைட்டு. இங்கேர்ந்து பாத்தா நல்லாத் தெரியும். நான் துண்டை எடுத்து வீசுனேன். டிரைவர் தம்பி இறங்கி வந்து பாத்துச்சு. போன் பண்ணிக் கேட்டுச்சாம். ஸ்க்ரீன்ல உனக்குன்னு வரலைன்னு சொல்லிட்டாங்களாம்.”

“ம்.”

“அப்புறமா அந்தத் தம்பி இங்க வந்து ஒரே அழுகை. அது என்ன பண்ணும்? சொல்லாம நகர்த்துனா வேலை போயிடும்.”

“ஆட்டோ இருந்துச்சே…”

“ஓட்டத் தெரிஞ்ச ஆளு தரையில கெடக்காரு. யாரு ஓட்டுறது?”

கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு எனக்குத் தைரியம் சொன்னாருங்க. ‘வண்டி நிக்குது பாரு, இந்தா வந்துரும், நீ பயப்படாத’ன்னு. கண்ணை மூடுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

தில்லைநாயகம் சொம்பைக் கீழே வைத்தார்.

“அம்மா, அந்த புரோகிராமை எழுதினது நான்தான்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அந்தோணியம்மாள் திட்டவில்லை.

“ஏதோ எல்லைன்னு சொன்னாங்களே. அதையும் நீங்கதான் போட்டீங்களா?”

“இல்லம்மா. அது என் சம்சாரம் போட்டது.”

“அப்ப அவங்கள மாத்தச் சொல்லுங்க.”

“அவ தவறிட்டா.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“எப்ப?”

“முந்தின வருஷம். தை மாசம்.”

“பாலம் வர்றதுக்கு முன்னாடியே.”

“ஆமா.”

“அப்ப அவங்க மேல தப்பு இல்லீங்க.”

இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். சூசை இறந்த நாளிலிருந்து ஆபீஸில் எல்லோரும் ‘டிசைன் தப்பு, டிசைன் தப்பு’ என்றுதான் பேசினார்கள். யாரும் பூரணி என்று பெயர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மட்டும் அவருக்கு வலிக்காதா? இப்போது இந்த அம்மாள், தாலியைக் கழற்றிவைத்துவிட்டு, பூரணி மேல் தப்பில்லை என்கிறார்.

அந்தோணியம்மாள் மறுபடி கீரையை எடுத்தார்.

“இப்ப யாரு மாத்துவாங்க?”

தில்லைநாயகம் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க அண்ணன் மக பக்கத்துத் தெருவுல இருக்கா. நிறைமாசம். அவளுக்கு வலி எடுத்தா நான் எந்தப் பக்கம் பாத்துத் துண்டை வீசுறது? சொல்லிட்டுப் போங்க.”

தில்லைநாயகம் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

*

அன்று சாயங்காலம் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பலகையில் அவர் வரைந்த படம் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. டீச்சர் அன்றைய பாடத்தை மீதி இடத்தில் மட்டும் எழுதியிருந்தார்.

“பாலத்தைப் பாத்தேன்.”

“ம்.”

“படத்துல பாலம் இல்லை.”

“ம்.”

“மாத்தணும்.”

“மாத்துங்க.”

“கை வரலை டீச்சர்.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“இப்போதைக்கு என்ன பண்றீங்க?”

“கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தரை உக்கார வெச்சிருக்கோம். அவர் ஸ்க்ரீனைப் பாத்து, வாய்வார்த்தையா வண்டியை அக்கரைக்குப் போகச் சொல்வார்.”

“அவர் டீ குடிக்கப் போனா?”

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். நிறைமாசக்காரியைப் பற்றிச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டார்.

“அந்தக் கறுப்பை எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் சார் ஆகும்?”

“படத்துல ஒரு கிளிக்.”

“அப்புறம் என்ன?”

அவர் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி டீச்சர் கேட்டதில்லை.

“மத்தவங்க பொண்டாட்டி போட்டோவுக்கு மாலை போடுவாங்க. நான் லிங்க் போட்டேன். ராத்திரியும் பகலுமா உக்காந்து, அவ போட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு லிங்க். வீட்டுல அவ புடவை எல்லாம் குடுத்தாச்சு. மூக்குக்கண்ணாடியை அவ தங்கச்சி கேட்டா, குடுத்துட்டேன். இது ஒண்ணுதான் இன்னும் வேலை செய்யுது. காலையில ஆபீஸ் போனா ‘அக்கா பச்சை சொல்லிட்டாங்க சார்’ங்கறாங்க. எனக்கு அது போதும் டீச்சர். இன்னைக்கு ஒரு டைமண்டை எடுப்பேன். நாளைக்கு ஒரு கட்டம் வேண்டாம்பாங்க. அப்புறம் இன்னொரு கோடு. ஒருநாள் பாத்தா அவ கை பட்டது ஒண்ணுகூட இருக்காது. அதை நானே என் கையால செய்யணுமா?”

டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டார் ஓடி நின்றது.

டீச்சரின் கண்கள் கலங்கியிருந்தன. குரு கலங்கக் கூடாது என்று சொல்வார்கள். அவருக்கும் பூரணி வேண்டியவர்தானே.

“அந்தப் படம் போடறதுக்கு முன்னாடி மேடம் என்னையும் கூட்டிக்கிட்டு ஆத்துக்குப் போனாங்க சார்.”

“ஆத்துக்கா?”

“ஓடத்துல. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. சிரிச்சாங்க. ஓடக்காரர்கிட்ட ‘இதுல ஆம்புலன்ஸ் ஏத்துவீங்களா’ன்னு கேட்டாங்க. ‘ஆளுக்கே எடம் பத்தலைம்மா, சுத்திக்கிட்டு அணை வழியா வரச் சொல்லுங்க’ன்னார். அங்கயே, முழங்கால் மேல பேப்பரை வெச்சு, கறுப்பு டைமண்ட் போட்டாங்க. ஓடம் ஆடினதுல கோணலா விழுந்துச்சு. அதை மறைக்கத்தான் அழுத்தி அழுத்தி நிரப்பினாங்க.”

தில்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

“இது எனக்குத் தெரியாதே.”

“நீங்க வரலையே சார். படம் கைக்கு வந்தப்புறம்தானே உங்க வேலை.”

அவர் பலகைக்குத் திரும்பினார். அங்கே அவர் நிரப்பிய கறுப்பும் அழுத்தமாகத்தான் இருந்தது. இத்தனை நாளாக அவள் அதை ஒரு முடிவாக, மாற்றக் கூடாததாக அழுத்தியிருக்கிறாள் என்று நினைத்திருந்தார். ஓடம் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.

டீச்சர் எழுந்தார். பலகையில் காலியாக இருந்த இடத்தில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் ‘பூரணி’ என்று எழுதினார். இன்னொன்றில் ‘தில்லைநாயகம்’ என்று எழுதினார். மார்க்கரை அவரிடம் நீட்டினார்.

“இதை இணைங்க.”

“விளையாடாதீங்க டீச்சர்.”

“இணைங்க சார்.”

அவர் கோடு போட்டார். பூரணியின் கட்டத்தருகே டைமண்ட் போட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் அதைக் கறுப்பாக நிரப்பினார்.

“அர்த்தம் சொல்லுங்க.”

“நேத்தே சொன்னேனே.”

“இன்னொரு தடவை.”

“அது போனா இதுவும் இல்லை.”

“சரியா போட்டிருக்கீங்களா?”

“சரியாத்தான் போட்டிருக்கேன்.”

டீச்சர் ஜன்னலுக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்து, “அண்ணே, ஒரு டீ!” என்று கத்தினார். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் கூடை தொங்கியது. அதைக் கீழே இறக்கினார். டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் கூடையில் ஒரு கிளாஸை வைத்ததும், சிந்தாமல் மெதுவாக மேலே இழுத்தார்.

கிளாஸை அவர் கையில் கொடுத்தார்.

“எனக்கு வேண்டாம்.”

“காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?”

அவர் சாப்பிடவில்லை. ஊதிக் குடித்தார். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீ எப்படி சார் இருக்கு?”

“சக்கரை ஜாஸ்தி.”

டீச்சர் பலகையைக் காட்டினார்.

“அந்தப் படம் சரின்னா, இப்ப சக்கரை ஜாஸ்தின்னு சொன்னது யாரு?”

தில்லைநாயகம் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

பூரணியின் சாவுக்கு அவர் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. ‘எவ்வளவு திடமான மனுஷன்’ என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். இப்போது, டயர் கடை மாடியில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

டீச்சர் தேற்றவில்லை. கிளாஸை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். டஸ்டர் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஆட்காட்டி விரலை நீட்டி, பூரணியின் கட்டத்தருகே இருந்த டைமண்டின் ஓரம் கலையாமல், உள்ளே இருந்த கறுப்பை மட்டும் துடைத்தார். கட்டங்கள் இருந்தன. கோடு இருந்தது. நடுவில் ஒரு வெள்ளை டைமண்ட் இருந்தது.

போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“ஓடத்துல அவ ரொம்ப சிரிச்சாளா?”

“வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க சார்.”

*

காலையில் ஆபீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். பூரணியின் படத்தைத் திறந்தார்.

வட்டாரம். வண்டி. நடுவில் கறுப்பு.

விரல் நுனியில் முந்தின நாள் மார்க்கர் கறை இன்னும் போகவில்லை. அந்த விரலாலேயே ஒரு கிளிக் செய்தார்.

ஆபீஸிலிருந்த எல்லா ஸ்க்ரீன்களிலும் சிவப்பு எரிந்தது. கருவி எழுதப்பட்ட நாளிலிருந்து படத்தை யாரும் தொட்டதில்லை. இதுவரை நிரல் மாறியதால்தான் சிவப்பு வந்திருக்கிறது. இன்றைக்கு நிரல் பழையபடியே நிற்க, படம் நகர்ந்திருந்தது.

அப்போதுதான் உள்ளே வந்த ஹேமலதா பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்தாள்.

“சார், அக்கா சிவப்பு காட்டுறாங்க! யாரோ படத்தைத் தொட்டிருக்காங்க!”

“நான்தாம்மா.”

அவள் நம்பாமல் பார்த்தாள்.

“பாலம் திறந்தப்ப நீ ஒண்ணு எழுதினியே, இருக்கா?”

“இருக்கு சார். அழிக்கலை.”

“எடுத்துட்டு வா. இன்னைக்கே உள்ள போகணும்.”

அவள் நகரவில்லை. சிவப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் முகம் வீங்கியிருந்தது.

“அக்கா இவ்வளவு கோவமா இருக்காங்களே சார்.”

“கோவம் இல்லம்மா” என்றார் தில்லைநாயகம். “பாலம் வந்தது அவளுக்குத் தெரியாது. இப்பதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”